டீப் டெக்னோ தயாரிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ மடிக்கணினியை வைத்துக்கொண்டு, மெல்ல மாறும் ஒலிகளால் ஆன டீப் டெக்னோ என்ற மின்னணு நடன இசையைச் செய்யத் தொடங்கும் இளைஞர்கள் கையிலிருக்கும் பணத்தையெல்லாம் சிந்தசைசர் என்ற மின்னணு ஒலிக்கருவியில் போட்டுவிடுகிறார்கள். வேலையைக் கெடுப்பதோ பெரும்பாலும் அவர்கள் உட்கார்ந்திருக்கும் அறை.

நம் வீடுகளில் பத்துக்குப் பத்து காங்கிரீட் அறை சர்வசாதாரணம். பத்தடி இடைவெளியில் எதிரெதிரே இருக்கும் சுவர்களுக்கு நடுவே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ் ஒலி நின்று அதிரும். டெக்னோவில் தாளத்தைத் தாங்கும் அடித்தள முரசான கிக் டிரம்மின் கனமும் அந்த அளவில்தான் இருக்கும். அறையின் நட்டநடுவில் நாற்காலி போட்டால் அந்த ஒலி காதுக்கு எட்டாது. கிக் போதவில்லை என்று ஏற்றிவைப்பீர்கள். பெங்களூரு கிளப்பில் அது மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடும். சுவரில் பாய் தொங்கவிடுவது இதற்கு உதவாது. பத்தமடைப் பாயின் மெல்லிய கோரை தாழ்ந்த ஒலியை உறிஞ்சாது. முன்சுவரிலிருந்து நான்கடி தள்ளி உட்காருங்கள். மூலைகளில் தடித்த பஞ்சு மெத்தைகளை நிறுத்துங்கள். ஹெட்போனிலும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது அவசரம். எட்டு மாத்திரைக்கு ஒருமுறை புதிய ஒலியைச் சேர்த்தால் ஆழம் வராது. மோரிட்ஸ் ஃபான் ஆஸ்வால்டும் மார்க் எர்னஸ்டஸும் 1993 முதல் பெர்லினில் பேசிக் சேனல் என்ற பெயரில் வெளியிட்ட இசைத்தட்டுகளைக் கேளுங்கள். சில ஒலிகளே திரும்பத் திரும்ப வரும். எதிரொலியும், ஒலியின் சில பகுதிகளை வடிகட்டும் ஃபில்டரும் மட்டும் மெல்ல மாறிக்கொண்டிருக்கும். மாஸ்டரிங் என்ற இறுதி ஒலிச் சீரமைப்புக்கு முன்பே, ஒலியின் உச்சத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் போட்டு ஒலியை நசுக்கினால் அந்த அசைவு செத்துவிடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இன்னொன்று. சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் கணியான் கூத்து நடக்கும்போது மகுடம் என்ற தோல்கருவியின் இசையைக் கைப்பேசியில் பதிந்து, கலைஞரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் பாட்டில் சேர்த்துவிடுகிறார்கள். தோலை நெருப்பில் காய்ச்சிச் சுருதி கூட்டி, விடியவிடிய வாசிக்கிறவருக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகலைஞருக்குத் தனி உரிமை தருகிறது. சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், ஊதியம் கொடுங்கள், வருமானத்தில் பங்கும் எழுதிவையுங்கள். தனியாக உட்காரவைத்து நல்ல மைக்கில் பதிந்தால் ஒலியும் பல மடங்கு நன்றாக இருக்கும்.

உங்கள் உரிமையையும் அப்படியே பாருங்கள். லேபிள் எனப்படும் இசை வெளியீட்டு நிறுவனம் அனுப்பும் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடு என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, உரிமை மாற்றத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். வெளிநாட்டு ஒப்பந்தங்களில் அந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்று எழுதியிருப்பார்கள். அந்த வரியை வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

ஐம்பது லேபிள்களுக்கு ஒரே மின்னஞ்சலில் பத்துப் பாட்டு அனுப்புவதும் வீண். அவர்கள் வெளியீடுகளைக் கேட்டு, பொருந்தும் லேபிளுக்கு இரண்டே பாட்டைத் தனிப்பட்ட இணையச் சுட்டியாக அனுப்புங்கள்.