விமானந்தாங்கிக் கப்பல் ஏன் மூழ்கியது? கண்டுபிடிப்பது எப்படி

டேங்கர் கப்பல்களில் இருபது வருஷம் எஞ்சின் பார்த்தவன் நான். போரில் மூழ்கிய விமானந்தாங்கிக் கப்பல் ஒவ்வொன்றுக்கும் என் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. எத்தனை குண்டு விழுந்தது என்பதை அதில் முதலில் எழுத மாட்டேன். அடி விழுந்த நேரம், மூழ்கிய நேரம் இரண்டையும்தான் எழுதுவேன். நீங்களும் அப்படியே தொடங்குங்கள்.

இடைவெளி சில நிமிடங்கள் என்றால் காரணம் உள்ளே புகுந்த தண்ணீர்தான். 1942 ஆகஸ்ட் 11 அன்று மத்தியதரைக் கடலில் பிரிட்டனின் ஈகிள் நான்கு டார்பிடோ அடிகளை வாங்கியது. பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை.

மணிக்கணக்கில் நீண்டால் பெட்ரோலைத் தேடுங்கள். 1942 மே 8, பவளக் கடல். அமெரிக்காவின் லெக்சிங்டன் டார்பிடோவும் குண்டும் பட்ட பிறகும் சாய்வை நிமிர்த்தி, விமானங்களை இறக்கிக்கொண்டிருந்தது. தொட்டியிலிருந்து கசிந்த பெட்ரோல் ஆவி உள்ளே தீப்பொறி பட்டு 12:47க்கு வெடித்தது. மாலையில் அமெரிக்க நாசகாரிக் கப்பல் ஒன்றே டார்பிடோ போட்டு அதை மூழ்கடித்தது. ஆகவே அடித்தது யார், மூழ்கடித்தது யார் என்று இரண்டு கட்டங்கள் போடுங்கள்.

அடுத்த மாதம் பசிபிக் கடலின் மிட்வே சண்டையில் அமெரிக்காவின் யார்க்டவுன் ஆட்கள் பெட்ரோல் குழாய்களை முன்கூட்டியே வடித்து, கார்பன் டை ஆக்சைடு நிரப்பிவிட்டார்கள். குண்டுகள் விழுந்தும் பெட்ரோல் பற்றவில்லை; கடைசியில் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோதான் அதை முடித்தது. அதே சண்டையில் ஜப்பானின் அகாகி மேல் நேராக விழுந்தது ஒரே குண்டு. ஆனால் ஹேங்கரில், அதாவது விமானங்களை நிறுத்தும் உள்தளத்தில், எண்ணெய் நிரப்பி, ஆயுதம் மாட்டிய விமானங்கள் நின்றன. அந்த நேரத்தில் ஹேங்கரில் என்ன இருந்தது என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

எனக்கு இன்றும் மனம் ஆறாத பக்கம் ஜப்பானின் தைஹோ. 1944 ஜூன் 19, ஒரே டார்பிடோ. கசிந்த பெட்ரோல் ஆவியை வெளியேற்றத்தான் வென்டிலேஷனை முழுக்க ஓடவிட்டார்கள். அது ஆவியைக் கப்பல் முழுக்கப் பரப்பிவிட்டது. ஆறு மணி நேரம் கழித்து வெடித்தது. ஆவி எந்த வழியாகப் போகும் என்று தெரியாமல் காற்றைத் திறக்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் செய்தவர்கள் அவர்கள். திட்ட எனக்கு வாய் வருவதில்லை.

மூழ்காத அமெரிக்காவின் பிராங்க்ளினுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 1945 மார்ச் 19 அன்று இரண்டு குண்டுகள். அதிலும் எண்ணெய் நிரப்பிய விமானங்கள். 700 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்படியும் அது நியூயார்க் வரை வந்து சேர்ந்தது. அகாகிக்கு எதிர்ப் பக்கத்தில் அதை எழுதி, இரண்டையும் வரி வரியாக ஒப்பிடுங்கள்.