மத்திய அலைக்கு லூப் ஆன்டெனா: கட்டும்போது சறுக்கும் இடங்கள்

மத்திய அலையில் தூரத்து நிலையங்களைத் தேடிக் கேட்பவர்களுக்கு லூப் ஆன்டெனா அளவுக்குக் குறைந்த செலவில் நிறைந்த பலன் தருவது வேறு எதுவும் இல்லை. ஒரு மரச்சட்டம், அதன் மேல் சுற்றக் கொஞ்சம் ஒயர், திருகி நிலையத்துக்கு டியூன் செய்ய ஒரு கேங் கண்டென்சர் இருந்தால் போதும். அப்படியும் கட்டி முடித்த பலர், பெரிதாக ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே என்று அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம் உண்டு, ஏனென்றால் பெரும்பாலும் குறை சட்டத்தில் இருப்பதில்லை, அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் இருக்கிறது.

முதல் குழப்பம் திசை. டிஷ் ஆன்டெனாவைப் பார்த்துப் பழகியவர்களுக்குச் சட்டத்தின் அகன்ற முகத்தை நிலையத்தை நோக்கித் திருப்ப வேண்டும் என்றே தோன்றும். அப்படித் திருப்பினால் சிக்னல் அடியோடு விழுந்துவிடும். சட்டத்தின் விளிம்புதான் நிலையத்தின் பக்கம் இருக்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்து தூத்துக்குடியின் 1053 கிலோஹெர்ட்ஸைப் பிடிக்க வேண்டுமானால், தெற்கிலிருந்து சற்று மேற்காகச் சாய்ந்த கோட்டில் சட்டத்தை நிறுத்த வேண்டும்.

அதோடு, லூப்பைத் திருப்பி வேண்டிய நிலையத்தின் சத்தத்தை ஏற்றப் பார்ப்பதே பலருடைய பழக்கம். நேர் திசையிலிருந்து 30 டிகிரி விலகினாலும் சிக்னல் ஒன்றேகால் டெசிபல்தான் குறையும், காதுக்கு அது தெரியாது. சட்டத்தின் முகம் நிலையத்தைப் பார்க்கும்போது சிக்னல் விழும் பள்ளமோ சில டிகிரிக்குள் அடங்கிவிடும் கூர்மையான இடம். எனவே தொல்லை தரும் உள்ளூர் நிலையத்தை அந்தப் பள்ளத்தில் தள்ளுங்கள். மெல்லத் திருப்பி, சட்டத்தைக் கொஞ்சம் முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். அதுவரை அமுங்கிக் கிடந்த தூரத்து நிலையம் தானாக மேலே வரும். லூப் கட்டுவதே இதற்காகத்தான் என்பேன்.

அடுத்தது சுற்றுவதில் வரும் தவறு. நம் பகுதியில் மத்திய அலை 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை. மேல் முனை கீழ் முனையைப் போல மூன்று மடங்கு என்பதால், கண்டென்சரின் கொள்ளளவு (பிகோஃபாரடில் அளப்பது) மூன்றின் வர்க்கமான ஒன்பது மடங்கு மாற வேண்டும். 365 பிகோஃபாரட் கேங் என்றால், முழுக்கத் திறந்த நிலையில் மொத்தமும் 40 பிகோஃபாரடுக்குள் நிற்க வேண்டும். ஒயரை ஒட்டி ஒட்டிச் சுற்றினால் சுற்றுகளுக்கு இடையே உருவாகும் கொள்ளளவே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். பிறகு எப்படித் திருகினாலும் பேண்டின் மேல் பகுதிக்குப் போகவே முடியாது. சுற்றுக்குச் சுற்று 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். 60 செ.மீ. பக்கமுள்ள சதுரத்துக்கு 11 சுற்று, ஒரு மீட்டர் பக்கத்துக்கு 8 சுற்று என்று தொடங்கலாம். மேல் முனை எட்டவில்லை என்றால் ஒரு சுற்றைக் குறையுங்கள். கீழ் முனை போய்விட்டால், கேங்கின் இரண்டாவது பகுதியை ஒரு சுவிட்ச் வழியாக இணையாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பழைய வால்வு ரேடியோவின் காற்று கேங் கிடைத்தால் விடாதீர்கள். கையடக்க ரேடியோவில் வரும் சின்ன பிவிசி கேங்கும் (தகடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் தாள் வைத்தது) வேலை செய்யும், ஆனால் அதன் கொள்ளளவு குறைவு என்பதால் சுற்று கூட வேண்டும். ஒருவர் சொன்ன சுற்று எண்ணிக்கையை அவர் போட்ட கேங் எது என்று கேட்காமல் எடுத்துக்கொண்டால் வீண் அலைச்சல்தான். திருகுக்குப் பிளாஸ்டிக் குமிழ் போடுங்கள், இல்லாவிட்டால் கை பட்டதும் டியூனிங் நகரும்.

ரேடியோவோடு ஒயர் போட்டு இணைக்கத் தேவையே இல்லை. உள்ளே ஆன்டெனாவாக ஃபெரைட் கம்பி (ஒயர் சுற்றிய கருநிறக் காந்தப்பொருள் கம்பி) இருக்கும் எந்த ரேடியோவையும் லூப்புக்குப் பக்கத்தில் வைத்தால் போதும். இங்கேயும் திசையைப் பார்க்க வேண்டும்: ஃபெரைட் கம்பி லூப்பின் தளத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், அதாவது கம்பி சட்டத்தின் நடுவே ஊடுருவிப் போகிற மாதிரி. பெரும்பாலான ரேடியோக்களில் கம்பி நீளவாக்கில் கிடக்கும். சட்டத்துக்கு இணையாக ரேடியோவை வைத்துவிட்டு லூப் வேலை செய்யவில்லை என்பவர்கள் ஏராளம். மிக நெருக்கமாக வைத்தாலும் ரேடியோவின் டியூனிங் இழுபடும், அப்போது கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

சட்டத்துக்கு மரமோ பிவிசி குழாயோ போதும். இரும்புக் கட்டில், பீரோ, ஜன்னல் கம்பி இவற்றின் பக்கம் வைக்காதீர்கள், பள்ளம் மழுங்கிவிடும். எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் இவற்றின் இரைச்சலையும் லூப் வாங்கும். ரேடியோவைப் பேட்டரியில் போட்டு, வீட்டு மெயினை ஒருமுறை அணைத்துப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். இதெல்லாம் செய்யாமல் நேராக ஆம்ப்ளிஃபயர் வாங்க ஓடுவது காசுக்குத்தான் கேடு, இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

கடைசியாக, இரவில் சோதித்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். பகலில் வானத்தின் உயரே உள்ள கீழ் அயனி அடுக்கு மத்திய அலையை உறிஞ்சுவதால் தரை வழியாக வருவது மட்டும் கிடைக்கும், பள்ளம் ஆழமாகத் தெரியும். இரவில் தூரத்து அலைகள் மேலிருந்து மாறி மாறி வருவதால் நல்ல லூப்பிலும் பள்ளம் அலையும். நண்பகலில் ஓர் உள்ளூர் நிலையத்தை வைத்துத் திருப்பிப் பாருங்கள். சத்தம் நன்றாக விழவில்லை என்றால், சுற்றைத் தொடுவதற்கு முன் சட்டத்தை வீட்டின் வேறொரு மூலைக்கு மாற்றிப் பாருங்கள்.