மெழுகுவர்த்தி ஒளியில் ஹாலோவீன் கச்சேரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேய் வேடம் போட்டுக் கொண்டாடும் அக்டோபர் 31 ஹாலோவீன் நாளை ஒட்டி, லண்டன் தேவாலயங்களில் மெழுகுவர்த்தி ஒளியில் மேற்கத்தியச் செவ்வியல் இசைக் கச்சேரிகள் நடக்கின்றன. ட்ரஃபால்கர் சதுக்கத்தின் ஓரத்தில் நிற்கும் செயின்ட் மார்ட்டின்-இன்-த-ஃபீல்ட்ஸ் தேவாலயம் இத்தகைய கச்சேரிகளுக்குப் பேர்போனது. பேய் வீட்டுக்குள் நுழையும் நினைப்போடு போகிறவர்கள் ஏமாந்து திரும்புகிறார்கள். இருட்டிலிருந்து யாரும் பாய்ந்து வந்து அலற மாட்டார்கள். கண்ணுக்கு வேலை குறைந்தால் காது கூர்மையாகும். அங்கே இருட்டின் பயன் அதுதான்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, என்ன வாசிக்கிறார்கள், எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று பார்க்காமல் டிக்கெட் வாங்குவது. இந்தப் பருவத்தில் அடிக்கடி ஒலிக்கும் ‘டான்ஸ் மகாப்ர’வை (மரண நடனம்) எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் கமில் சான்-சான்ஸ் 1874-இல் எழுதியது. நள்ளிரவில் மரணமே வயலின் வாசிக்க, எலும்புக்கூடுகள் கல்லறையை விட்டு எழுந்து ஆடுகின்றன. ஹார்ப் என்ற பெரிய தந்தி வாத்தியம் ஒரே சுரத்தை 12 முறை மீட்டி நள்ளிரவு மணியடிக்கும். அடுத்து நுழையும் தனி வயலினில் மேல் தந்தியை அரைச் சுரம் இறக்கிச் சுருதி சேர்த்திருப்பார்கள். அதனால்தான் அதன் முதல் வில்வீச்சே உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. எலும்புகள் மோதுவதை மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலஃபோனும், விடியலில் சேவல் கூவுவதை ஓபோ என்ற குழல் வாத்தியமும் காட்டும். ஆனால் மேடையில் இருப்பது தந்தி நால்வர் குழு என்றால், இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா, இன்னும் பெரிய ஒரு செல்லோ, அவ்வளவுதான். முழு இசைக்குழுவின் பதிவை முன்பே ஒருமுறை கேட்டுவிட்டுப் போங்கள். அத்தனை வாத்தியங்களின் வேலையையும் நால்வர் பகிர்ந்துகொள்ளும் அழகு அப்போதுதான் பிடிபடும்.

கைதட்டலில் அவசரம் வேண்டாம். சபாக் கச்சேரியில் ‘பலே’ சொல்வதும் தொடையில் தாளம் போடுவதும் நமக்கு இயல்பு; இங்கே அது பக்கத்தில் இருப்பவரின் இசையைக் கெடுக்கும். ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் ‘மரணமும் கன்னியும்’ நால்வர் இசைக்கு நான்கு பகுதிகள். முதல் பகுதி மிக மெல்லிய ஒலியில் அடங்கும். அதற்குப் பின் வரும் மௌனமும் இசையைச் சேர்ந்ததுதான், அதன் மேல் கைதட்டல் விழுவது எனக்குத் தாங்காது. வாசிப்பவர்கள் வில்லை முழுவதும் இறக்கும்வரை பொறுத்திருங்கள்.

வேடம் போட்டுவரச் சொல்லியிருந்தால் தாராளமாகப் போடலாம். ஆனால் உயரமான தொப்பியும் சரசரக்கும் துணியும் வேண்டாம். பல இடங்களில் எல்இடி மெழுகுவர்த்திகளே வைக்கிறார்கள். உண்மையான சுடர் எரியும் இடத்தில் தொங்கும் சட்டைக் கையும் செயற்கை இழை அங்கியும் ஆபத்து. கைப்பேசியை அணைத்துவிடுங்கள், மங்கிய கூடத்தில் அதன் திரை பத்து வரிசைக்குத் தெரியும்.

தாமதமாக வந்தால் உங்களை இடைவேளைவரை வெளியே நிறுத்திவிடக்கூடும். ஒரு மணி நேரத்தில் முடியும் சில நிகழ்ச்சிகளில் இடைவேளையே கிடையாது. பழைய தேவாலயங்களில் தூண் மறைக்கும் இருக்கைகளும் உண்டு. டிக்கெட் விலை குறைவாக இருந்தால், பார்வை மறைக்கப்படும் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.