மதுரைப் பாரில் கோட்டை விடும் இடங்கள்

சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசிவிட்டு வர ஓட்டல் பார் கட்டுப்படியாகாது. ஏசியும் மங்கலான விளக்கும் பெக் கணக்கில் பில்லும் சேர்ந்தால் பர்ஸ் காலி. தெருவோரப் பார்தான் தோது. ஆனால் மிச்சம் பிடிக்கலாம் என்று அங்கே போகிறவர்களில் பாதிப்பேர் மிச்சம் பிடிப்பதில்லை. கடை வேறு, பார் வேறு என்பதை அவர்கள் யோசிப்பதே இல்லை என்பதுதான் காரணம்.

கடை அரசாங்கத்துடையது. 2003 இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் மதுபானச் சில்லறைக் கடைகள் டாஸ்மாக் கையில். அதை ஒட்டியிருக்கும் பார், டெண்டர் எடுத்த தனியாருடையது. அந்த டெண்டர் எதற்கு என்று பார்த்தால் சிரிப்பு வரும்: தின்பண்டம் விற்கவும், காலி பாட்டில் சேகரிக்கவும். அவ்வளவுதான். சரக்கு விற்க அங்கே யாருக்கும் உரிமை கிடையாது.

இது தெரிந்தால் முதல் தவறு தானே விலகும்: உட்கார்ந்த இடத்திலிருந்து பார் பையனிடம் காசைக் கொடுத்து "வாங்கிட்டு வாப்பா" என்று அனுப்புவது. கவுன்ட்டரில் நீங்களே நின்றால் பாட்டிலில் அச்சடித்த விலையைப் பார்க்கலாம், மூடி சீல் உடையாமல் இருக்கிறதா, ஹாலோகிராம் ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கிறதா என்று பார்க்கலாம். பையன் கொண்டுவந்து வைக்கும்போது இதில் எதையும் கேட்க முடியாது. மூடியைத் திறந்தே கொண்டுவருவான்.

அடுத்தது நேரம். கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. ஒன்பதரைக்கு வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்கிறவர், "மூடிருவானே" என்ற பயத்தில் ஆளுக்கு ஒன்று போதும் என்ற இடத்தில் இரண்டாக வாங்குவார். வாங்கியது மிஞ்சுமா? மிஞ்சாது. ஏழு மணிக்கே போய்விட்டால் வாங்குவதும் குறையும், குடிப்பதும் நிதானப்படும். பத்து மணிக்கு மேல் யாராவது பக்கத்தில் வந்து "இருக்குண்ணே, கொஞ்சம் கூட ஆகும்" என்றால் எழுந்துவிடுங்கள். அது சட்டப்படியான விற்பனை இல்லை, உள்ளே இருப்பது என்ன என்பதற்கும் யாரும் ஜவாபு சொல்ல மாட்டார்கள்.

உண்மையில் காசு கரைவது சைட் டிஷ்ஷில். உட்கார்ந்ததும் பையன் கேட்காமலே கொண்டுவந்து வைப்பான்: இரண்டு தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் டம்ளர், சின்னத் தட்டில் சுண்டல், அதன்மேல் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய இரண்டு மாங்காய்க் கீற்று. தொட்டால் உங்கள் கணக்கு. பாருக்கு வருமானமே இதில்தான் என்பதால் இந்த விலையைப் பார்க்காரர்தான் வைப்பார். "தம்பி, இது எம்புட்டு?" என்று முதலிலேயே கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. வேண்டாததைத் திருப்பிக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் எடுத்துப் போவான், பழகினவன்.

தூங்கா நகரத்துக்காரர்களுக்கே உரிய தவறு ஒன்று உண்டு. ராத்திரி எந்நேரமும் பரோட்டாவும் கறி தோசையும் கிடைக்கும் என்ற தைரியத்தில் சாப்பாட்டைக் கடைசிக்குத் தள்ளுவது. வெறும் வயிற்றில் போனால் சரக்கு வேகமாக ரத்தத்தில் ஏறும். பாரிலோ ஊறுகாயும் மிக்சரும். உப்பும் காரமும் தாகத்தைக் கூட்டும், இன்னும் குடிக்கச் சொல்லும். போகும் வழியிலேயே நாலு இட்லியோ இரண்டு பரோட்டாவோ தின்றுவிட்டுப் போங்கள். நடுவில் அவித்த முட்டை, ஆம்லெட் போதும். சித்திரை வெயிலில் அலைந்துவிட்டுத் தாகத்துக்குப் பீர் குடிப்பதும் இதே ரகம். தாகத்துக்குத் தண்ணீர், அப்புறம் மற்றது.

"நான் பீர் மட்டும்தான்" என்பவர்கள் லேபிளைப் படிப்பதில்லை. பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் சுமார் 77 மில்லி. 650 மில்லி ஸ்ட்ராங் பீர், 8 சதவீதம் என்றால், 52 மில்லி. இரண்டு பீர் முடித்தவர் ஒரு குவார்ட்டரைத் தாண்டிவிட்டார். உடம்பு ஒரு மணி நேரத்தில் எரிப்பதோ ஏறக்குறைய 10 மில்லி. எலுமிச்சையும் மோரும் கடுங்காப்பியும் அந்த வேகத்தைக் கூட்டாது. பத்து மணிக்குக் குவார்ட்டரை முடித்துவிட்டு விடிகாலை ஐந்துக்குக் குலசாமி கோவிலுக்குக் கார் எடுப்பவர், "தூங்கி எழுந்தாச்சே" என்று நினைத்தாலும், இன்னும் முழுசாகத் தெளியாமல் இருக்கலாம்.

வண்டி விஷயத்தில் சட்டத்தின் அளவு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம். ஒரு கட்டிங், அதாவது பாதிக் குவார்ட்டர், போட்டாலே பெரும்பாலோர் அதைத் தாண்டிவிடுவார்கள். முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பைக்கில் வந்துவிட்டால் அதை அங்கே விட்டுவிட்டுப் போக மனசு வராது, "சந்து வழியா போயிறலாம்" என்று தோன்றும். அதனால் பைக்கை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். போகும்போது பஸ், வரும்போது ஆளுக்குப் பங்கு போட்டு ஆட்டோ.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் கவனிக்க: மாட்டுப் பொங்கலன்று, பாலமேடு ஜல்லிக்கட்டு நடக்கும் அதே நாளில், திருவள்ளுவர் தினம் என்று கடை அடைப்பு. முதல் நாளே மொத்தமாக வாங்கி வைத்து அன்றைக்கே காலி செய்வதுதான் வழக்கமாக நடப்பது. குடியரசு தினம், சுதந்திர தினம், மே தினம், காந்தி ஜெயந்தி, வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மிலாது நபி நாட்களிலும் அடைப்புதான். 21 வயது ஆகாத தம்பியைக் கூட்டிப் போகும் வேலையும் வேண்டாம்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பார்ப்பவர்களுக்குப் போதை மாதிரியே தெரியும் என்பதால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கூட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தால் மற்றவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, சாய்ந்துவிட்டவனை "தூங்கட்டும் விடு" என்று மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுப் போவது. வாந்தி வந்தால் மூச்சில் அடைத்துக்கொள்ளும். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஒருவர் கூடவே இருங்கள். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு விட்டுவிட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்கு அடியுங்கள். வீட்டில் என்ன சொல்வது என்பதை ஆம்புலன்ஸ் வந்த பிறகு யோசிக்கலாம்.