ஓப்பன் ஹார்ட் ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்

நெஞ்சைத் திறப்பதை உடம்பு பெரிய காயமாகத்தான் எடுத்துக்கொள்ளும். அட்ரினலின், கார்டிசால் போன்ற, அதிர்ச்சியைச் சமாளிக்க உடம்பு சுரக்கும் ஹார்மோன்கள் எல்லாம் எகிறும், அதனால் சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் சுகர் ஏறலாம், ஐசியூவில் இன்சுலின் போட்டு 180-க்குக் கீழே வைக்கப் பார்ப்பார்கள், பயப்படாதீர்கள். ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்தை அதிக அளவில் கொடுத்தால் இந்த ஹார்மோன் ஏற்றம் நன்றாக அடங்கும். ஆனால் இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷின் ஓட ஆரம்பித்ததும் அதையும் மீறி ஏறும். எட்டோமிடேட் என்ற மயக்க ஊசி வேறு ரகம்: பிரஷரை அதிகம் இறக்காது, பலவீனமான இதயத்துக்கு அது பெரிய வசதி, ஆனால் ஒரே ஊசி கார்டிசால் சுரப்பைப் பல மணி நேரம் தடுத்துவிடும்.

அதனால்தான் ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர், சில மாதம் முன்பு நிறுத்தியவர்கூட, அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி இந்த மாத்திரையால் ஏற்கெனவே சோர்ந்திருந்தால் பிரஷர் சட்டென்று விழலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தவே கூடாது.

அப்புறம் சுகர் மாத்திரை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் இரண்டையும் பொதுவாக 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் சுகர் நார்மலாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் கூடிவிடலாம். யாரும் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். தைராய்டு மாத்திரையையும் சொல்லுங்கள். பெயர் ஞாபகம் இல்லையா, அட்டையையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.