சிறிய கல்லூரி அணிக்குக் குறைந்த ஸ்கோர் ஆட்டம்: பேக் லைன் தடுப்பாட்டத்தை அமைப்பது எப்படி

1996 மார்ச் 14 அன்று, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில், முந்தைய ஆண்டின் தேசிய சாம்பியனான யூசிஎல்ஏவை பிரின்ஸ்டன் 43-41 என்று வென்றது. விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தராத கல்லூரி பிரின்ஸ்டன். மெதுவாக ஆடியதால் ஜெயித்தார்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். ஆனால் 41-34 என்று முன்னிலையில் இருந்த யூசிஎல்ஏ, கடைசி ஆறு நிமிடங்களில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. கோச் பீட் கேரிலின் அணியிடம் கற்க வேண்டியது அந்த ஆறு நிமிடங்களைத்தான்.

முதலில் கணக்கு

ஓர் அணி கையில் பந்து வந்து, அது எதிரணிக்குப் போகும் வரை ஒரு பொசஷன். 100 பொசஷனுக்கு எதிரணி 105 புள்ளி, நீங்கள் 95 எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வழக்கமான ஏற்ற இறக்கத்தோடு மாதிரிக் கணக்குப் போட்டால், இரு அணிக்கும் தலா 70 பொசஷன் கிடைக்கும் ஆட்டத்தில் உங்கள் வெற்றி வாய்ப்பு சுமார் 30 சதவீதம். அதை 55 பொசஷனாகக் குறைத்தால் 32. வேகத்தைக் குறைத்துக் கிடைப்பது இவ்வளவுதான். 70 பொசஷனிலேயே எதிரணியை 105இலிருந்து 100க்கு இறக்கிவிட்டால் வாய்ப்பு 40ஐத் தொடுகிறது. ஆகவே பயிற்சி நேரத்தில் பெரும்பகுதி தடுப்பாட்டத்துக்கு, அதாவது வளையத்தைச் சுற்றிய ஒரு கோட்டுக்குள் நால்வர் நெருங்கி நிற்கும் பேக் லைன் முறைக்குப் போகட்டும்.

உங்கள் அணியின் எண்ணிக்கையை ஸ்கோர் ஷீட்டிலிருந்தே எடுக்கலாம். எடுத்த ஷாட்களில் தாக்குதல் ரீபவுண்டை (தவறிய ஷாட்டின் பந்தை நாமே மீண்டும் பிடிப்பது) கழித்து, டர்னோவரை (ஷாட் எடுக்காமலே பந்தை இழப்பது) கூட்டி, ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தரப்படும் தடையில்லா ஷாட்) எண்ணிக்கையை 0.475ஆல் பெருக்கிச் சேர்க்கவும். 54 ஷாட், 9 தாக்குதல் ரீபவுண்ட், 12 டர்னோவர், 16 ஃப்ரீ த்ரோ என்றால் 64.6 வரும். கடந்த ஐந்து ஆட்டங்களுக்கு இதைப் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

படி 1: ஓட்டத்தை நிறுத்துங்கள்

பலமான அணிக்கு மிக எளிய புள்ளிகள் வேக எதிர்த்தாக்குதலில் வருகின்றன. நீங்கள் ஷாட் எடுக்கும் கணத்திலேயே, பந்து விழுகிறதா என்று பார்க்காமல், இரண்டு கார்டுகள் (வெளியே நின்று பந்தை நடத்தும் வீரர்கள்) திரும்பி ஓட வேண்டும். ஒருவர் நேராக நமது வளையத்தின் அடிக்கு, மற்றவர் பந்தை மறிக்க. மூன்றாமவர் ஃப்ரீ த்ரோ கோட்டருகே தயாராக நிற்பார். ரீபவுண்டுக்குப் போவது இருவர் மட்டும். இதனால் சில தாக்குதல் ரீபவுண்ட் கைவிட்டுப் போகும், போகட்டும்.

படி 2: கோட்டைப் போடுங்கள்

பேக் லைனை வடிவமைத்தவர் டிக் பென்னட். 1994 தேசியத் தொடரில் 12ஆம் தரநிலையில் (அணிகளின் பலத்தைக் காட்டும் வரிசை; 1 உச்சம், 16 கடைசி) இருந்த அவருடைய விஸ்கான்சின்-கிரீன் பே, பின்னாளில் தொழில்முறை நட்சத்திரமான ஜேசன் கிட் ஆடிய கலிபோர்னியாவை 61-57 என்று வீழ்த்தியது. அவர் மகன் டோனி பென்னட் அதே முறையில் 2019இல் வர்ஜீனியாவைத் தேசிய சாம்பியன் ஆக்கினார்.

வளையத்தின் நேர்கீழிலிருந்து 16 அடி அளந்து, தரையில் டேப்பால் அரைவட்டம் ஒட்டுங்கள். பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்கிக் காக்க, மற்ற நால்வரும் அந்தக் கோட்டுக்குள் நிற்க வேண்டும். தன் ஆளின் முதுகில் ஒட்டாமல், பந்துக்கும் ஆளுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் நிற்பது முக்கியம். பாஸைத் தடுக்க வழியில் கைநீட்டி நிற்கும் பழைய முறைக்கு எதிரியைவிட வேகமான கால் வேண்டும். இங்கே பாஸை விட்டுவிடுகிறோம், உள்ளே புகுவதை மட்டும் அடைக்கிறோம். வேகம் குறைந்த அணிக்கு இது பொருந்துவது அதனால்தான். உதவி நடுப்பக்கம் இருப்பதால் பந்துக்காரரை பேஸ்லைன் (வளையத்துக்குப் பின்னாலுள்ள களத்தின் எல்லைக் கோடு) பக்கம் புக விடவே கூடாது.

ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் மூன்று புள்ளிக் கோடு 22 அடி 1¾ அங்குலத்தில் இருக்கிறது. அப்படியென்றால் பாஸ் போனதும் உங்கள் ஆள் சுமார் 6 அடி வெளியே பாய வேண்டும். இந்த 6 அடியில்தான் முழு முறையும் நிற்கிறது, அல்லது விழுகிறது. பந்து காற்றில் இருக்கும்போதே கிளம்ப வேண்டும். எதிரி பிடித்த பிறகு கிளம்பினால் ஷாட் போயிருக்கும். முதல் இரண்டு எட்டு முழு ஓட்டம், பிறகு குட்டி எட்டுகள், ஒரு கை தலைக்கு மேல். முழு வேகத்தில் போய் முட்டுபவரை எதிரி ஒரு டிரிபிளில் (பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி) தாண்டிவிடுவார்.

தினமும் 10 நிமிடம் இந்தப் பாய்ச்சல் மட்டும். பிறகு 15 நிமிடம் நால்வருக்கு நால்வர்: வெளியே பாஸ் சுற்ற, தடுப்பவர்கள் ஒவ்வொரு பாஸுக்கும் இடம் மாற வேண்டும். தொடர்ந்து மூன்று முறை தடுத்தால்தான் வெளியேறலாம். நடுவில் ஒரு கூடை விழுந்தால் எண்ணிக்கை மீண்டும் பூஜ்யம்.

படி 3: கடிகாரத்தோடு தாக்குங்கள்

ஷாட் கிளாக், அதாவது ஒரு பொசஷனில் ஷாட் எடுக்கத் தரப்படும் நேரம், 30 விநாடி. 40 நிமிட ஆட்டத்தில் 70 பொசஷனை 60 ஆக்க, இரு அணியின் பொசஷன் ஒவ்வொன்றும் மூன்று விநாடி நீண்டால் போதும். எதிரணி உள்ளே புக வழியில்லாமல் பந்தைச் சுற்றினால் அவர்களும் விநாடிகளைச் செலவழிப்பார்கள். அதாவது நல்ல தடுப்பாட்டமே வேகத்தையும் குறைக்கும்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, 8 விநாடி மிச்சமிருக்கும் வரை வெளியே டிரிபிள் அடித்துவிட்டு அவசர ஷாட் எடுப்பது. கிளாக் 20இல் நகர்வைத் தொடங்குங்கள். நல்ல ஷாட் 12க்கும் 5க்கும் இடையில் வரட்டும். 8க்குக் கீழே போனால் எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஒரு ஸ்கிரீன் (நின்று காப்பவரை மறித்து, சக வீரருக்கு வழி திறப்பது) ஆட்டம். காலியான லே-அப் (வளையத்தருகே போய் எடுக்கும் எளிய ஷாட்) எப்போது கிடைத்தாலும், 27 காட்டினாலும், எடுத்துவிட வேண்டும். பிரின்ஸ்டனின் அந்த வெற்றிக் கூடையும், காப்பவர் முன்னே சாய்ந்தபோது அவர் முதுகுக்குப் பின்னால் வெட்டி ஓடி எடுத்த லே-அப்தான்.

பந்தை எதிரி பறித்துக்கொள்வது, வெளியே போகும் பந்தைவிட மோசம். பறித்த பந்து நேரே லே-அப்பாகிறது. குறுக்கே மிதக்கும் பாஸைத் தவிர்க்கவும்.

எங்கே உடைகிறது

மூன்று புள்ளி ஷாட்டில்தான். 2018இல் நாட்டின் முதல் தர அணியாக வந்த வர்ஜீனியாவை, 16ஆம் தரநிலையில் இருந்த யூஎம்பிசி 74-54 என்று வென்றது. பாதியில் ஸ்கோர் 21-21. யூஎம்பிசி 24 மூன்று புள்ளி ஷாட்டில் 12 போட்டது. மெதுவான ஆட்டத்தில் பின்தங்கினால் மீள பொசஷன்கள் போதாது. எனவே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வரும் நீளப் பாஸை வாங்கி அடிக்கும் ஷூட்டர் எதிரணியில் இருந்தால், அவரை மட்டும் கோட்டுக்கு வெளியே ஒட்டிக் காக்கவும். மற்ற மூவரும் உள்ளேயே இருக்கட்டும். 10 புள்ளி பின்தங்கி 8 நிமிடமே மிச்சம் என்றால் முழுக் களப் பிரஸ்ஸுக்கு (களம் முழுவதும் எதிரணியை நெருக்கும் தடுப்பாட்டம்) மாறுங்கள். அதையும் வாரம் ஒரு நாள் 15 நிமிடம் பழகி வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று ஃபவுல். ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பாதியின் ஏழாவது அணி ஃபவுலிலிருந்து எதிரணி ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகிறது. 50களில் முடியும் ஆட்டத்தில் கடிகாரம் நின்றபடி நீங்கள் கொடுக்கும் ஆறு புள்ளி மிகப் பெரிது. நெருக்கிக் காக்கும்போது கையை நீட்டாமல் நெஞ்சை முன்வைத்துக் கால்களை நகர்த்தச் சொல்லுங்கள். பயிற்சியில் கையால் தட்டும் ஒவ்வொரு முறையும் அந்தத் தடுப்பு செல்லாது என்று அறிவித்துவிடுங்கள்.