ஃபெல்லோஷிப் விண்ணப்பமும் ஆயாவின் முழங்காலும்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பொதுச் சுகாதாரம் படித்த பிள்ளைகள் சிலர், பயிற்சியும் உதவித்தொகையும் தரும் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பம் எழுதியதும், “அங்கிள், அனுப்புறதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாருங்க” என்று என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். நான் நிபுணன் இல்லை. டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் முதியோர் பகல்நேரக் கூடம் ஒன்றில் பல வருடம் தேநீர் ஊற்றியும் நாற்காலி அடுக்கியும் பழகியவன், அவ்வளவுதான். பெருங்கொடுமைகளிலிருந்து தப்பிப் பிழைத்து இன்று தள்ளாத வயதில் இருப்பவர்களுக்கான பராமரிப்பு ஒரு தனித்துறையாகவே வளர்ந்துவருகிறது. நம் பிள்ளைகளும் அதில் இறங்க நினைப்பது நல்ல விஷயம். ஆனால் பெரும்பாலான விண்ணப்பங்கள் எங்கே தொடங்குகின்றன தெரியுமா? 1860 நவம்பரில் முதல் ஒப்பந்தக் கூலிகளோடு மதராசிலிருந்து வந்த ட்ரூரோ கப்பலில். கரும்புத் தோட்டம், ஒப்பந்தக் கூலி, மூன்று பவுண்டு வரி என்று ஒன்றரைப் பக்கம் ஓடும். உதவி யாருக்கோ அந்த ஆயா, அதாவது வயதான பாட்டி, மூன்றாம் பக்கம் வரை தலைகாட்ட மாட்டார்.

வரலாறு வேண்டாம் என்று சொல்லவில்லை. விண்ணப்பத்தைப் படிப்பவர் தெரிந்துகொள்ள விரும்புவது இன்றைய நிலைமையை. ஆயா காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார், முழங்கால் வலியோடு கிளினிக் வரிசையில் எவ்வளவு நேரம் நிற்கிறார், சர்க்கரை மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தினார். அங்கிருந்து தொடங்கி, பழைய காயம் இதில் எங்கே வந்து குறுக்கிடுகிறது என்று காட்டினால் போதும்.

அடுத்த தவறு கொஞ்சம் ஆழமானது. ‘பாதிக்கப்பட்டவர்’ யார் என்பதை அரசுப் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்வது. ஒரு பெண், நிறவெறி ஆட்சிக்காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் பட்டியலில் இருக்கும் முதியவர்களை மட்டும் சேர்ப்பதாக எழுதியிருந்தாள். பார்த்தால் ஒழுங்கான வழிதான். ஆனால் அந்த ஆணையம் விசாரித்தது 1960 மார்ச் 1 முதல் 1994 மே 10 வரை நடந்தவற்றை மட்டும். அதிலும் கொலை, கடத்தல், சித்திரவதை, கடுமையான கொடுமை ஆகியவைதான் கணக்கு. 2003-இல் அரசு அறிவித்த 30,000 ராண்டு இழப்பீடும் அந்தப் பட்டியலில் இருந்தவர்களுக்குத்தான். 1949 ஜனவரியில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் நடுவே மூண்ட டர்பன் கலவரத்தைச் சின்னப் பிள்ளையாகக் கண்ணால் பார்த்தவர்கள் இந்தக் கால வரம்புக்குள்ளேயே வரமாட்டார்கள். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-ஆம் வருட குரூப் ஏரியாஸ் சட்டத்தால் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கும், துரத்தப்பட்டது ஒன்றே காரணம் என்றால், பட்டியலில் இடமில்லை. சாட்ஸ்வொர்த்தில் எண்பது தாண்டிய எத்தனை பேர் மிஞ்சுவார்கள், சொல்லுங்கள். நிறவெறி ஆட்சியை மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்று ஐ.நா. பொதுச்சபை 1973-லேயே உடன்படிக்கையாக எழுதிவிட்டது. ஆகவே “நாங்கள் இதில் சேருவோமா?” என்று கூச்சப்பட வேண்டியதில்லை.

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. ‘நம் ஆட்கள் மட்டும்’ என்று எழுதுவது. 1949 கலவரத்தில் இறந்தவர்கள் அரசுக் கணக்குப்படி 142 பேர். அதில் இந்தியர் 50, ஆப்பிரிக்கர் 87. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து நம்மவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்குத் தள்ளிய அதே ஆட்சிதான் ஆப்பிரிக்கக் குடும்பங்களைக் குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் தள்ளியது. 2021 ஜூலையில் இங்கே கலவரம் வெடித்துக் கடைகள் எரிந்த அந்த வாரம், எங்கள் கூடத்து ஆயா ஒருவர் கதவுக்குப் பின்னால் நாற்காலியைச் சாய்த்து வைத்துவிட்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். குவாமாஷுவிலும் ஒரு பாட்டி அப்படி உட்கார்ந்திருக்கமாட்டார் என்று யார் சொன்னது? ஒரு தெருவை மட்டும் எடுத்துக்கொண்டு வேலை செய்வது தவறில்லை. ஏன் அந்தத் தெரு என்று சொல்லாமல் விடுவதுதான் தவறு.

சரி, இப்போது நான் அதிகம் சண்டை போடும் இடத்துக்கு வருகிறேன். “முதியவர்கள் தங்கள் கதையைச் சொல்ல வைப்போம், அதனால் மனம் இலகுவாகும்” என்று எழுதுவார்கள். ஒரே ஒருநாள் உட்கார வைத்து, பழையதையெல்லாம் கிளறி, பதிவு செய்துகொண்டு எழுந்து போவது சிகிச்சை ஆகாது. சிலருக்கு அன்று இரவே தூக்கம் கெடும். பேச விரும்புகிறவர் பேசட்டும், வேண்டாம் என்கிறவரை விட்டுவிட வேண்டும். பேசிய மறுநாள் யார் போய்ப் பார்ப்பார்கள் என்பதும் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

யூதப் படுகொலையிலிருந்து தப்பியவர்களிடையே வேலை செய்தவர்கள் இதைப் பல வருடமாகக் கற்றிருக்கிறார்கள். அவர்களில் சுமார் 2,45,000 பேர் 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் அப்போது உயிரோடு இருந்ததாக, அவர்களுக்கு இழப்பீடு பெற்றுத்தரும் கிளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் அமைப்பு 2024 ஜனவரியில் வெளியிட்ட கணக்கு சொல்கிறது. முதியோர் இல்லத்துக் குளியலறை ஷவர் (நாஜிகள் நச்சுவாயு அறையை ஷவர் என்று சொல்லித்தான் உள்ளே அனுப்பினார்கள்), சீருடை, வரிசையில் நிற்க வைப்பது, சாப்பாட்டுத் தட்டைச் சீக்கிரம் எடுத்துவிடுவது ஆகிய சாதாரண விஷயங்கள்கூட அவர்களில் சிலரைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போகும். நம் பிள்ளைகள் இந்தப் பட்டியலை அப்படியே வெட்டி விண்ணப்பத்தில் ஒட்டிவிடுகிறார்கள். சாட்ஸ்வொர்த் ஆயாவுக்கு ஷவர் எதற்குப் பயம்?

நம் ஊர்ப் பட்டியலை நாமே கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் கூடத்துக்கு ஒருமுறை சுகாதாரக் கணக்கெடுப்புக்காக ஒரு பையன் வந்தான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கிளிப்போர்டு. நல்ல பையன். ஓர் ஆயாவிடம் போய், “வீட்டில் எத்தனை அறை, எத்தனை பேர்?” என்று கேட்டான். அதுவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர் எழுந்து பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அவர் சம்ஸூ ரோட்டில் முனிசிபாலிட்டியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸில் பிறந்து வளர்ந்தவர். முனிசிபாலிட்டி ஆட்கள் இப்படித்தான் அட்டையோடு வந்து அறைகளை எண்ணினார்களாம், அதற்கப்புறம்தான் அவர்களைக் காலி செய்து ஏற்றிப்போக லாரி வந்ததாம். அந்தப் பிளாஸ்டிக் பையில் என்ன இருந்தது என்று பிறகு காட்டினார்: மடித்து மடித்துக் கிழிந்துபோன பழைய வாடகைச் சீட்டுகள். அடுத்த வாரம் அந்தப் பையன் கிளிப்போர்டை வண்டியிலேயே வைத்துவிட்டு வந்து, முதலில் அவரோடு தேநீர் குடித்தான். படிவத்தில் இனம் கேட்கும் கட்டமும் அப்படித்தான். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டு, பதில் சொல்லாமலும் இருக்கலாம் என்று சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

மொழி விஷயத்தில் நடப்பது வேடிக்கை. ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர்’ என்று பட்ஜெட்டில் ஒரு வரி போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். டர்பன் ஆயாவின் தமிழ் அடுப்படித் தமிழ், நடுவே ஆங்கிலமும் ஜூலுவும் கலந்து வரும். முதியோர் மனச்சோர்வைப் பார்க்கும் 15 கேள்விப் படிவம் ஒன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது. அதில் வாழ்க்கை வெறுமையாக இருப்பதாக உணர்கிறீர்களா என்று ஒரு கேள்வி. அதைப் புத்தகத் தமிழில் கேட்டபோது ஓர் ஆயா, “வெறுமையா? வூடு நெறைய ஆளு கண்ணு” என்றார். படிவத்தில் ‘இல்லை’ என்று டிக். அவருக்கு மனச்சோர்வே இல்லை என்று எழுதியாயிற்று! எந்தக் கேள்வித்தாளானாலும் நான்கைந்து பேரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவர்கள் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று கேட்டுத் திருத்துங்கள். மறதி நோய் வந்தவர்களில் பலர் பின்னால் கற்ற மொழியை விட்டு முதல் மொழிக்குத் திரும்புவார்கள். இருபது வருடம் ஆங்கிலத்திலேயே பேசிய தாத்தா திடீரென்று தமிழில் தண்ணீர் கேட்டால், பக்கத்தில் இருக்கும் நர்ஸுக்கு அந்த ஒரு சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும்.

அனுமதி விஷயம் சலிப்பானது, ஆனால் இதில்தான் மாதங்கள் போகும். ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் பதிவு பெற்ற எதிக்ஸ் கமிட்டியின் (ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின்) ஒப்புதல் வேண்டும், 2003 தேசியச் சுகாதாரச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அரசு கிளினிக்குக்குள் போக மாகாணச் சுகாதாரத் துறையின் அனுமதி தனி. “மகன் கையெழுத்துப் போட்டுவிட்டார்” என்பது, தானே முடிவெடுக்கத் தெரிந்த ஆயாவின் சம்மதம் ஆகாது.

இன்னொரு குழப்பம், ஃபெல்லோஷிப்பைத் திட்டப்பணம் என்று நினைப்பது. இது முதலில் உங்கள் மேல் போடும் முதலீடு. கேப்டவுனின் டெகானோ என்ற அமைப்பு நடத்திவந்த அட்லாண்டிக் ஃபெல்லோஸ் திட்டம் சுகாதாரச் சமத்துவத்தைப் பார்ப்பது. டப்ளினையும் சான் பிரான்சிஸ்கோவையும் மையமாகக் கொண்ட குளோபல் பிரெய்ன் ஹெல்த் இன்ஸ்டிட்யூட் மறதி நோயையும் மூளை நலத்தையும் பார்ப்பது. ஒரே விண்ணப்பத்தைப் பெயர் மாற்றி இரண்டுக்கும் அனுப்பினால் இரண்டிலும் கிடைக்காது.

பட்ஜெட்டில் விட்டுப்போவது பெரும்பாலும் ஆயா வந்துபோக டாக்ஸிக் காசு. அப்புறம் ஃபெல்லோ தானே மனம் விட்டுப் பேச ஓர் ஆள். நாள் முழுக்க இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு இரவில் தனியாக வீடு திரும்புகிற பிள்ளைக்கும் உடம்பு உண்டே.

போன வருடம் ஒரு பெண் தன் விண்ணப்பத்தின் கடைசிப் பத்தியில் “திட்டம் முடிந்த பின் நிலைத்தன்மை உறுதிசெய்யப்படும்” என்று எழுதியிருந்தாள். எப்படி என்று கேட்டேன், பதில் இல்லை. சரி, வா என்று கூடத்துக்கே கூட்டிப்போனேன். ஓர் ஆயா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ வியாழக்கிழமை வர்றே, சரி. நீ போனப்புறம் வியாழக்கிழமை யாரு வருவா?” என்றார். வீட்டுக்குப் போய் அந்தப் பத்தியை அடித்துவிட்டு, பத்தாவது மாதத்திலிருந்து தன்னோடு வரப்போகும் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர் ஒருவருக்கு அங்கே இடம் ஒதுக்கினாள். அவருடைய வியாழக்கிழமைச் சம்பளத்துக்குப் பட்ஜெட்டில் தனி வரியும் போட்டாள்.